பீப்பாயில் இருந்தது எது? – களைக்கொல்லியும் சுண்டெலிக் கருவும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



கருவளர்ச்சி நச்சியல் குறித்து, துறை சாராதவர்களும் தொடர்ந்து கேட்கும்படி பேச வேண்டும் என்று அழைப்பிதழில் கேட்டிருந்தீர்கள். அதற்காகப் பல நச்சுகளைப் பட்டியலிடாமல், ஒரே ஒரு வழக்கை விரிவாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1960களில் அமெரிக்காவில் 2,4,5-டி என்ற களைக்கொல்லியைக் கர்ப்பமுற்ற சுண்டெலிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வு அது. அந்த ஆய்வு ஒரு போரின் போக்கோடு பின்னிக்கொண்டது. அதன் முதல் முடிவு குறை உள்ளதாக இருந்தது. ஆனால் அது எழுப்பிய எச்சரிக்கை கடைசிவரை நிலைத்தது.

நான் நிறுவ விரும்பும் கருத்து இதுதான். ஒரு வேதிப்பொருள் கருவைப் பாதிக்குமா என்று அறிய, சூத்திரத்தில் எழுதியிருக்கும் மூலக்கூறை மட்டும் சோதித்தால் போதாது. தாயின் உடலுக்குள் உண்மையில் போகும் சரக்கை, அது போகும் நாளிலும் அது போய்ச் சேரும் உடலிலும் வைத்துச் சோதிக்க வேண்டும். சரக்கு, நாள், உடல் ஆகிய மூன்றில் ஒன்றை விட்டாலும் கிடைக்கும் விடை நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்லும்.

1. ஆய்வும் அது வெளிவந்த விதமும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்டறியப்பட்ட இரட்டைப் பிறவிகள் 2,4-டி, 2,4,5-டி ஆகியவை. இரண்டும் ஆக்சின் என்னும் தாவர வளர்ச்சி ஊக்கியைப் போல நடிப்பவை. அகன்ற இலைச் செடிகள் இவற்றை உண்மையான ஆக்சின் என்று ஏற்றுத் தாறுமாறாக வளர்ந்து, முறுக்கிக்கொண்டு மடிகின்றன. நெல், கோதுமை போன்ற புல்லினப் பயிர்கள் தாங்கிக்கொள்கின்றன. வயலில் இவற்றுக்கு மதிப்பு வந்தது இதனால்தான். கட்டைப் புதர்களை அழிப்பதில் 2,4,5-டி கூடுதல் வலிமை உடையது. ஆகவே காட்டோரங்கள், இருப்புப்பாதை ஓரங்கள், மின்கம்பித் தடங்கள், மேய்ச்சல் நிலங்கள் என்று அமெரிக்கா முழுவதும் பரவியது.

இத்தனை பரவலான ஒரு பொருளைக் கர்ப்பமுற்ற விலங்குகளில் முறையாகச் சோதிக்க 1960களின் நடுப்பகுதி வரை யாரும் முனையவில்லை. 1961இல் தாலிடோமைடு மாத்திரையின் கொடுமை வெளிப்பட்ட பிறகுதான் நஞ்சுக்கொடி ஒரு மதில் இல்லை என்பது மருத்துவ உலகுக்கு உறைத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காக பயோனெடிக்ஸ் ஆய்வகம் பல பூச்சிக்கொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் எடுத்துக்கொண்டு சோதித்தது. அவற்றுள் 2,4,5-டியும் ஒன்று.

சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 19 நாள். அதில் 6ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை, உறுப்புகள் உருவாகும் காலம் முழுவதும், தாய்க்கு இந்தப் பொருளைக் கொடுத்தார்கள். உயர்ந்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 113 மில்லிகிராம். பிரசவத்துக்கு முன்பே கருக்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மேலண்ணம் நடுவில் பிளந்திருந்தது. சிறுநீரகம் நீர்ப்பையாக உப்பியிருந்தது. இரண்டு வேறு மரபினச் சுண்டெலிகளில் இவை தெரிந்தன. எலிகளில் இன்னும் குறைந்த அளவிலேயே சிறுநீரகக் கோளாறும் குடல் இரத்தக் கசிவும் காணப்பட்டன.

சோதனைகள் நடந்தது 1965க்கும் 1968க்கும் இடையில். மக்கள் அறிந்தது 1969 இலையுதிர் காலத்தில். அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று வெள்ளை மாளிகையின் அறிவியல் ஆலோசகர் லீ டுபிரிட்ஜ் சில கட்டுப்பாடுகளை அறிவித்தார். அந்தச் சோதனைகளைப் பற்றி ஆய்வாளர் கோர்ட்னியும் உடன் உழைத்தவர்களும் எழுதிய கட்டுரை 'சயின்ஸ்' இதழில் 1970 மே மாதம் அச்சேறியது. வியட்நாம் போரில் அந்நாட்டுக் காடுகள் மீதும் வயல்கள் மீதும் களைக்கொல்லி மிக அதிகமாகப் பொழியப்பட்டது இதே இடைப்பட்ட ஆண்டுகளில்தான். ஆய்வக ஏட்டில் ஒரு முடிவு எழுதப்பட்டிருக்கிறது. அதே பொருள் விமானத்திலிருந்து மனிதர்கள் வாழும் நிலத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அறிவியலாளன் என்பதற்காக அந்தக் கோபத்தை மறைத்துப் பேச வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

2. சரக்கு

முடிவுகள் வெளியானதும் உற்பத்தியாளர் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. பயோனெடிக்ஸ் பயன்படுத்திய மாதிரி தூய்மையற்றது, அதில் பத்து லட்சத்தில் சுமார் 30 பங்கு டையாக்சின் கலந்திருக்கிறது, குறைபாடுகளுக்குக் காரணம் அந்த மாசுதான், 2,4,5-டி இல்லை என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் வேதியியல் உண்மை இருந்தது. 2,4,5-டி தயாரிக்க முதலில் டிரைகுளோரோஃபீனால் வேண்டும். அது காரத்தோடு சூடேற்றும் ஒரு வினையில் தயாராகிறது. வெப்பம் கட்டுமீறினால் இரண்டு டிரைகுளோரோஃபீனால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து டி.சி.டி.டி. எனப்படும் டையாக்சின் உருவாகிறது. யாரும் அதை வேண்டுமென்று செய்வதில்லை. உலை சூடானால் தானாகச் சேர்ந்துகொள்கிறது. 1949இல் மேற்கு வர்ஜீனியாவின் நைட்ரோ என்ற ஊர்த் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்துக்குப் பின் தொழிலாளர்கள் உடலெங்கும் ஆறாத கொப்புளங்கள் எழுந்தன. 1957இல் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் கார்ல் ஷுல்ஸ் அத்தகைய கொப்புளங்களுக்குக் காரணம் இந்த டையாக்சின்தான் என்று காட்டினார். ஆகவே தொழிற்சாலைக்குள் இருந்தவர்களுக்கு இந்த மாசு புதிய செய்தி இல்லை.

அடுத்து வந்த ஆய்வுகள் கதையை இன்னும் நுணுக்கமாக்கின. உற்பத்தியாளர்களில் ஒன்றான டவ் நிறுவனம் தூய்மை கூடிய 2,4,5-டியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, குறைபாடு இல்லை என்றது. கோர்ட்னி, ஜான் மூருடன் சேர்ந்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், டையாக்சின் மிகக் குறைவாக உள்ள 2,4,5-டியும் உயர்ந்த அளவில் சுண்டெலிக் கருவின் அண்ணத்தைப் பிளக்கிறது என்று கண்டார். 1972இல் பெர்லினில் நொய்பெர்ட்டும் டில்மனும் அதே முடிவுக்கு வந்தார்கள். டையாக்சினைத் தனியாகக் கொடுத்தபோது கிலோவுக்குச் சில மைக்ரோகிராமே போதுமானதாக இருந்தது. மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, மாசு கொடிய குற்றவாளி. களைக்கொல்லியும் முழு நிரபராதி இல்லை. இரண்டும் சேர்ந்து உடலுக்குள் போகும்போது என்ன ஆகும் என்பதுதான் பயோனெடிக்ஸ் ஆய்வு தெரியாமலேயே கேட்டுவிட்ட கேள்வி.

என் மதிப்பீட்டை இங்கே சொல்லிவிடுகிறேன். 'எங்கள் பொருளில் குற்றமில்லை, அதில் இருந்த அழுக்கில்தான் குற்றம்' என்ற வாதம் வேதியியல் தேர்வில் மதிப்பெண் பெறும். ஊர்மேல் மருந்து அடித்தவர்கள் அதைச் சொல்ல முடியாது. ஏனென்றால் தெளித்தது அழுக்கு நீக்கிய மூலக்கூறை அன்று. 208 லிட்டர் பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை அடித்து வியட்நாமுக்கு அனுப்பிய 'ஏஜென்ட் ஆரஞ்சு', 2,4-டியும் 2,4,5-டியும் ஏறத்தாழச் சரிபாதி கலந்த எண்ணெய்த் திரவம். அதில் இருந்த டையாக்சின், தொகுதிக்குத் தொகுதி, ஆலைக்கு ஆலை மாறியது. 1962இல் தொடங்கி 1971 வரை நடந்த 'ரான்ச் ஹேண்ட்' நடவடிக்கையில் எல்லா வகைக் களைக்கொல்லியும் சேர்த்து 7 கோடி லிட்டருக்கு மேல் பொழியப்பட்டது. காட்டில் இலை உதிர்ப்பதும் எதிரிக்கு உணவாகும் பயிரை அழிப்பதும் அதன் நோக்கம். அந்த வயல்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள்.

யேல் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஆர்தர் கால்ஸ்டன் இதை எதிர்த்து இடைவிடாமல் குரல் கொடுத்தவர். ஹார்வர்டின் மேத்யூ மெசல்சன் 1970இல் வியட்நாம் சென்ற ஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அவரும் ராபர்ட் பாவ்மனும் 1973இல் வியட்நாமின் மீன்களிலும் சிப்பி இறால் வகைகளிலும் டையாக்சினை அளந்து காட்டினார்கள். லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் அளக்கும் முறையையே அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது. ஆற்றில் விழுந்தது சோற்றுக்குப் பிசையும் மீனில் வந்து சேர்ந்துவிட்டது.

1970 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு 2,4,5-டியின் சில பயன்பாடுகளையும் ராணுவத்தின் ஏஜென்ட் ஆரஞ்சுப் பயன்பாட்டையும் நிறுத்தியது. உள்நாட்டில் காடு, மேய்ச்சல் நிலம், பாதையோரப் பயன்பாடுகளுக்கு அவசரத் தடை 1979இல்தான் வந்தது. நெல் வயல் அந்தத் தடையில் சேரவில்லை. முழுமையாக நீங்கியது 1985இல்.

3. நாள்

பிளந்த அண்ணம் எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். என் துறையில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான்.

கருவின் வாய்க்குள் இரு பக்கமும் இரண்டு மடல்கள் முதலில் நாக்கின் ஓரங்களில் செங்குத்தாகத் தொங்குகின்றன. சுண்டெலியில் 14ஆம் நாள் வாக்கில் அவை மேலெழுந்து கிடைமட்டமாகி, இரட்டைக் கதவு சாத்துவதுபோல் நடுவில் சந்திக்கின்றன. சந்தித்த இடத்தில் இரு மடல்களின் விளிம்புத் தோலும் ஒன்றோடொன்று ஒட்டுகிறது. பிறகு அந்த விளிம்புச் செல்கள் மறைந்தாக வேண்டும். அவை மறைந்தால்தான் இருபுறச் சதையும் கலந்து ஒரே அண்ணமாகும். 15ஆம் நாளுக்குள் வேலை முடிந்துவிடும்.

டையாக்சின் பட்ட கருவில் மடல்கள் சரியாக வளர்கின்றன, சரியாக எழுகின்றன, தொட்டும் கொள்கின்றன. ஆனால் மறைய வேண்டிய விளிம்புச் செல்கள் மறைய மறுத்துத் தொடர்ந்து வாழ்கின்றன, தடிக்கின்றன. முகம் அகலும்போது மடல்கள் மீண்டும் விலகிவிடுகின்றன. 1980களில் லிண்டா பிர்ன்பாம், பார்பரா அபட் ஆகியோரின் குழு இதைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. சிறுநீரகத்திலும் இதே வகைப் பிழைதான். சிறுநீர்க்குழாயின் உட்சுவர்ச் செல்கள் அளவுமீறிப் பெருகிப் பாதையை அடைத்துவிட, மேலே சிறுநீரகம் நீர் தேங்கி வீங்குகிறது. இது அண்ணப் பிளவைவிடக் குறைந்த அளவிலேயே நேர்கிறது.

டையாக்சின் இங்கே எதையும் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமலும், நிற்க வேண்டிய செல்லை நிற்கவிடாமலும் செய்கிறது. தாய் நலமாகவே இருக்கலாம். கரு உயிரோடும் இருக்கலாம். தாயின் எடையையும் இறந்த கருக்களின் எண்ணிக்கையையும் மட்டும் குறிக்கும் சோதனை இதைப் பிடிக்காது. உறுப்பு மூடும் நாளுக்கு முன் கொடுத்தால் கோளாறு. மூடிய பின் கொடுத்தால் அதே அளவில் அண்ணத்துக்கு ஒன்றும் நேராது.

4. உடல்

'எலிக்கு ஆனது மனிதருக்கு ஆகுமா?' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எலியும் எலியும்கூட ஒன்றில்லை என்பதிலிருந்து அதற்கு விடை தொடங்குகிறது.

சி57 கருப்பு என்னும் மரபினச் சுண்டெலியில் அண்ணத்தைப் பிளக்கும் டையாக்சின் அளவு, டிபிஏ மரபினச் சுண்டெலியில் அத்தகைய விளைவைத் தருவதில்லை. காரணம், செல்லுக்குள் டையாக்சினைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம். அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்று அதற்குப் பெயர். ஆலன் போலண்ட் 1976இல் அதைக் காட்டினார். டிபிஏ மரபினத்தில் அந்த ஏற்பியின் பிடி தளர்வானது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த ஏற்பியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி டையாக்சின் கொடுத்தார்கள். கருக்களில் அண்ணம் பிளக்கவில்லை. ஒரு நச்சின் வேலை எந்தப் புரதத்தின் வழியே நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நிறுவ முடியாது.

அந்த ஏற்பி நம் உடலிலும் இருக்கிறது. மனிதக் கருவின் அண்ண மடல்களை ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்த்தபோது, சுண்டெலிக்குத் தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு அதிகச் செறிவு வேண்டியிருந்தது; ஆனால் நிகழ்ந்த மாற்றம் அதே வகைதான். ஆகவே 'எலிக்கு ஆனது மனிதருக்கு ஆகாது' என்பதும் தவறு, 'அப்படியே ஆகும்' என்பதும் தவறு.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுண்டெலியின் உடலில் புகுந்த டையாக்சின் பாதியாகக் குறையச் சில நாட்களோ வாரங்களோ போதும். மனித உடலில் அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். கொழுப்பில் தங்கி, கர்ப்பத்தின்போது கருவுக்கும், பிறந்த பின் தாய்ப்பால் வழியே குழந்தைக்கும் போகிறது. சுண்டெலிக்குக் கர்ப்பத்தின் 10ஆம் நாள் கொடுத்த மருந்து ஒரு பெண்ணுக்குப் பத்தாண்டுக்கு முன் பட்ட மருந்தாக இருக்கலாம்.

இத்தாலியின் செவேசோ இதற்குச் சான்று. 1976 ஜூலை 10 அன்று அங்கிருந்த டிரைகுளோரோஃபீனால் ஆலையிலிருந்து டையாக்சின் மேகம் எழுந்து ஊர்மேல் படிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளிடம் பெரிய பிறவிக் குறைபாடுகள் கூடியதாகக் கணக்கில் தெரியவில்லை. ஆபத்து கடந்துவிட்டது என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, 1994க்கும் 2005க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. மிகவும் மாசுபட்ட பகுதித் தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகளுக்குத் தைராய்டைத் தூண்டும் ஊக்கியின் அளவு உயர்ந்திருந்தது. விபத்து நடந்து பதினெட்டு முதல் இருபத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்கள் அவர்கள். சுண்டெலி அண்ணத்தைக் காட்டியது. மனிதரில் தைராய்டில் தெரிந்தது. எந்த உறுப்பு என்பதைச் சுண்டெலி சொல்லத் தேவையில்லை. கருவின் வளர்ச்சித் திட்டத்துக்குள் இந்தப் பொருள் கைவைக்கும் என்பதை அது சரியாகவே சொன்னது.

வியட்நாமில் பிறவிக் குறைபாடுகளைக் குறித்த எண்ணிக்கைகளில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. போர், பஞ்சம், பதிவேடுகள் இல்லாத கிராமங்கள் ஆகியவற்றுக்கு நடுவே, யாருக்கு எவ்வளவு பட்டது என்பதைப் பின்னால் அளப்பது கடினம். அதைச் சான்று இல்லை என்று மொழிபெயர்ப்பவர்களை நான் ஏற்கவில்லை. பட்ட அளவை அன்றே குறித்துவைக்கும் கடமை தெளித்தவர்களுடையது.

5. கடையில் விற்கும் சரக்கு

இன்று 2,4,5-டி சந்தையில் இல்லை. ஆனால் அந்தப் பாடம் எவ்வளவு தூரம் விதியாகியிருக்கிறது?

ஒரு களைக்கொல்லியைப் பதிவு செய்யக் கருவளர்ச்சிச் சோதனை கட்டாயம்தான். அந்தச் சோதனையைப் பெரும்பாலும் மூலப்பொருளில் செய்கிறார்கள். கடைக்கு வரும் குப்பியிலோ மூலப்பொருளோடு கரைப்பான், இலையில் ஒட்டவைக்கும் சோப்புத் தன்மையுள்ள பொருள், சில வேளை வேறொரு களைக்கொல்லி என்று பலவும் சேர்ந்திருக்கும். அந்த முழுக் கலவையைச் சோதிப்பது உடனடி நச்சுத்தன்மையோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நாள் விஷயத்திலும் ஓர் ஓட்டை உண்டு. கரு கருப்பையில் பதிந்த பிறகே மருந்து கொடுக்கத் தொடங்குவது வழக்கமான முறை. அதற்கு முந்திய நாட்கள் கணக்கில் வராமல் போகலாம்.

இந்த இரண்டு ஓட்டைகளையும் நோக்கி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் காவியெரஸ், யேகர், போர்ட்டர் ஆகியோர் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. புல்தரைக்குத் தெளிக்க விற்கப்படும் ஒரு கலவையை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதில் 2,4-டியும், மெக்கோப்ராப், டைகாம்பா என்னும் வேறு இரண்டு களைக்கொல்லிகளும் இருந்தன. சில சுண்டெலிகளுக்குக் கர்ப்பத்தின் முதல் நாளிலிருந்தும், சிலவற்றுக்கு 6ஆம் நாளிலிருந்தும், நான்கு அளவுகளில் கொடுத்தார்கள். உறுப்புக் குறைபாடு கூடவில்லை. குட்டிகளின் எடையும் குறையவில்லை. குறைந்தது குட்டிகளின் எண்ணிக்கை. அதிலும் மிகக் குறைந்த அளவு கொடுத்த தாய்களிடம்தான் குறைவு அதிகம். கருப்பையில் கருக்கள் பதிந்த இடங்களே குறைந்திருந்தன.

ஓர் ஆய்வகத்தின் ஒரு தொடர் சோதனையை வைத்துச் சட்டம் எழுத முடியாது. பருவத்துக்குப் பருவம் குட்டிகளின் எண்ணிக்கை மாறுவதையும் அந்த ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். ஆனால் மருந்தின் அளவு குறைந்தால் தீங்கும் குறையும் என்ற நம் அடிப்படை நம்பிக்கையை அது சோதித்துப் பார்த்தது. கரு பதிவதற்கு முந்திய நாட்களையும் அது பார்த்தது; வழக்கமான கருவளர்ச்சிச் சோதனை அவற்றைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதனால்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரோடு இதற்கு உள்ள தொடர்பையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2,4-டி நம் நெல் வயல்களில் இன்றும் அடிக்கப்படுகிறது. அது ஏஜென்ட் ஆரஞ்சின் ஒரு பாதி என்பது உண்மை. ஆனால் அதைத் தயாரிக்கும் வழியில் டி.சி.டி.டி. டையாக்சின் 2,4,5-டியில்போல் உருவாவதில்லை. வியட்நாமின் பெயரைச் சொல்லி விவசாயியை அச்சுறுத்துவது நேர்மை ஆகாது. நான் கேட்பது வேறு. நடவு முடிந்து மூன்று வாரம் வாக்கில் ஒருவர் முதுகில் டேங்க் மாட்டி மருந்து அடிக்கிறார். தப்பிப் பிழைத்த களையைப் பறிக்கச் சில நாளில் பெண்கள் சேற்றில் இறங்குகிறார்கள். வெறுங்கால், வெறுங்கை. கரு பதியும் அந்த முதல் வாரத்தில், கர்ப்பமாக இருப்பது அவர்களில் எவருக்கும் தெரிந்திருக்காது. 'கர்ப்பிணிகள் கையாள வேண்டாம்' என்று குப்பியில் எழுதிவைப்பது அந்த வாரத்தில் யாரையும் காக்காது.

இங்கே இருக்கும் முதுகலை மாணவர்களுக்கு ஒரு வேலைத்திட்டம் தருகிறேன். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, நம் கடைகளில் அதிகம் விற்கும் களைக்கொல்லிக் கலவைகளைக் கடையிலிருந்தே வாங்குங்கள். குப்பியில் உண்மையில் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் பகுப்பாய்வு செய்யுங்கள். வயலில் இறங்குபவர் உடலில் எவ்வளவு சேர்கிறது என்பதைச் சிறுநீரில் அளந்து, அந்த அளவையும் அதற்குக் கீழான அளவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மரபினத்தோடு நிற்க வேண்டாம். இணைசேர்ந்த முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள். கருப்பதிவு இடங்களை எண்ணுங்கள். பிறந்த குட்டிகளின் தைராய்டையும் பாருங்கள். ஒரே பருவத்தில் முடித்துவிடாமல் ஆண்டின் வேறு பருவங்களிலும் திரும்பச் செய்யுங்கள். தீங்கு இல்லை என்று முடிவு வந்தாலும் அதையும் அச்சிடுங்கள், தாமதிக்காமல். தீங்கு உண்டு என்று வந்தால், கட்டுரை இதழில் வரும்வரை காத்திருக்காமல் வேளாண் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் அன்றே எழுத்தில் அனுப்பி, அனுப்பிய நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.